காற்றை வேண்டிய அம்மையார்

நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி செல்லும் பேருந்தில், பங்குனி மாதத்து முற்பகல் ஒன்றில், என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மையார் மடியிலிருந்த கைப்பேசியைப் பார்த்தவாறே சொன்னார்:

“இன்னைக்குக் காத்து நல்லா அடிக்கோணும், சாமி.”

அருகிலிருந்த பெண்மணி திடுக்கிட்டார். “ஏனுங்க்கா, உங்க தோட்டத்துல வாழை தார் தள்ளி நிக்குது. காத்தையா வேண்டறீங்க?”

“இங்க வேண்டாமுங்க. நாகப்பட்டணத்துக் கடல்ல அடிச்சாப் போதும். அங்க மீன் ஆபீசுல இருக்கற எம்பொண்ணு, காத்து வருது, கடலுக்குப் போகாதீங்கன்னு படகுக்காரங்ககிட்ட நேத்துச் சொல்லிப்போட்டா.”

“போகலீங்களா?”

“நின்னுட்டாங்க. ஆனா மீன்புடித் தடைக்காலத்துக்கு முந்தின கடைசி வாரமுங்க. கடல் அலையில்லாமத் தட்டாட்டம் கெடக்குது, இந்தப் புள்ள பொழப்பைக் கெடுக்குதுன்னு ஒரே ஏச்சு. காத்து வராட்டி இனி அவ பேச்சை ஆரு கேப்பாங்க?”

“கெணத்துப் படியில எறங்கப் பயந்தவ, கடலோரத்துக்காரங்களுக்குப் புத்தி சொல்றாளாக்கும்!”

“வாழை எலை ஆடறதைப் பாத்தே வளந்தவளுங்க. தண்ணியத்தான் தெரியாது, காத்தைத் தெரியும்.”

பேருந்து ஊரை நெருங்குகையில் கைப்பேசி ஒலித்தது. செவிமடுத்த அம்மையார் நிமிர்ந்து அமர்ந்தார்.

“பேய்க்காத்தாமுங்க! ஒத்தப் படகுகூடக் கடலுக்குள்ள இல்லையாம். ஏசின பெரியவரே ஆபீசுக்கு வந்து கும்புட்டுட்டுப் போனாராம்.”

அப்பெண்மணி அம்மையார் பக்கம் நகர்ந்து அமர்ந்தார். பின்னர்த் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஏனுங்க்கா, உங்க அம்மணிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எங்க வாழைக்கு இன்னைக்கே முட்டுக் குடுத்துரட்டுங்களா?”