கட்டிலக்காவைப் பற்றி நான் எழுதிய வார்த்தை

அவைக்குத் தலைமை ஏற்று, இவன் எப்போது முடிப்பான் என்ற கவலையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அம்மையார் அவர்களே! கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் காதை மட்டும் கொண்டுவந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! எட்டு மணி நேரம் நின்ற கால்களுக்கு இப்போதுதான் நாற்காலி காட்டியிருக்கும் செவிலியத் தாய்மார்களே! சலவைக்கூடத்துச் சான்றோர்களே! சமையற்கூடத்துச் செல்வர்களே! உட்காரச் சொன்னாலும் உட்காராத வாசல் காவலர் அண்ணன்மார்களே! மூன்றாம் வார்டு மேற்பார்வையாளன், உங்கள் வாயில் 'மூக்குக்கண்ணாடி' என்று செல்லமாக அடிபடும் நான், அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

கைதட்டாதீர்கள். தட்டலாமா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? எல்லோரும் நடக்கும் வழியில் நடக்காத ஒருவரைச் சொல்ல எத்தனை வார்த்தைகள்! கிறுக்கு என்கிறோம். மறை கழன்ற கேஸ் என்கிறோம். ஒரு தினுசு என்கிறோம். ஒன்றும் கிடைக்காவிட்டால், "அது ஒரு டைப்புப்பா" என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறோம். அந்த ஆளே நாளைக்கு ஜெயித்துவிட்டால்? அலமாரியின் மேல்தட்டுக்கு ஓடுகிறோம். தனித்துவம்! துணிச்சல்! தொலைநோக்கு! முன்னோடி! நேற்றுச் செய்ததைத்தான் அவர் இன்றும் செய்கிறார். நமக்குத்தான் நாக்கு புரண்டுவிட்டது.

காலிக் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். பெரிய டாக்டர் படுத்திருந்தால் அது ஆய்வு. நான் படுத்திருந்தால் அது ஓய்வு. சலவைக்கூடத்தில் ஏன் இவ்வளவு சிரிப்பு? பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. சரி, நம் கட்டிலக்கா படுத்திருந்தால்? அதோ, பின்வரிசையில் ஒரு தம்பி சரியாகச் சொல்கிறார். கிறுக்கு!

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டிலக்கா என் வார்டில் தரை துடைத்து, விரிப்பு மாற்றும் பணியாளர். ஒரு நோயாளி வீட்டுக்குப் போனதும் பழைய விரிப்பை உருவுவார். மெத்தையைத் துடைப்பார். புது விரிப்பு போடுவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெறும் மெத்தையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவார். ஐந்து நிமிடம். கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு!

ஏழு வருடத்துக்கு முன்னால் அதை முதன்முதலாகப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேனா? கேட்கவில்லை. நேரே என் அறைக்குப் போனேன். ஆண்டுதோறும் ஒவ்வொரு பணியாளருக்கும் நாங்கள் ஒரு படிவம் நிரப்புவோம். அதில் ஒரு கட்டம்: 'ஆளைப் பற்றி ஒரே வார்த்தை.' கிறுக்கு என்று எழுத முடியுமா? அதிகாரி அல்லவா நான்! அழகான தமிழில், அளவெடுத்த எழுத்தில், 'ஒத்துவராதவர்' என்று எழுதினேன். மறுவருடம்? போன வருடத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஏழு முறை, தோழர்களே, ஏழு முறை!

மூன்று முறை தலைமைப் பணியாளர் இடம் காலியானது. மூன்று முறையும் என் வார்த்தையைப் பார்த்து, அக்காவைத் தாண்டிப் போனது. ஒருநாள் என்னிடம் வந்து, "எனக்குப் படிப்பு பத்தலன்னுதானே சார் குடுக்கல?" என்றார். நான் என்ன சொன்னேன்? "ஆமாக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். அந்தத் தாய் அதை நம்பினார். நாற்பத்தெட்டு வயதில், வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவந்தார். மதிப்பெண் தாளை என்னிடம்தான் முதலில் காட்டினார். நான் வாழ்த்தினேன். வாழ்த்திய கையாலேயே அந்த வருடமும் அதே வார்த்தையை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. அழுகையாகவும் இருக்கிறது.

போன மாதம் எனக்கொரு கடிதம் வந்தது. இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் கிடந்த ஓர் ஆசிரியை எழுதியது. 'புரண்டு படுக்க முடியாத எனக்கு அழைப்பு மணி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. விளக்கு கண்ணைக் குத்தவில்லை. படுத்தபடியே ஜன்னலில் ஒரு மரம் தெரிந்தது. இவ்வளவையும் யோசித்துச் செய்த மேற்பார்வையாளருக்கு நன்றி.' நெஞ்சு விடைத்தது எனக்கு! நாலு பேருக்குப் படித்தும் காட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, நான் எங்கே செய்தேன்? அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நின்னு பாத்தா ரூம் நல்லாத்தான் சார் இருக்கும். படுத்துப் பாத்தாத்தான் தெரியும். மணி எட்டலைன்னா கயிறு கட்டுவேன். லைட்டு குத்துச்சுன்னா கட்டில நகத்துவேன்."

"இத ஏன்க்கா இத்தன நாளா சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

மூன்று வார்த்தை! நான் ஏழு வருடம் எழுதிய ஒற்றை வார்த்தை அதன் முன்னால் தலை குனிந்து நின்றது.

தலைவர் அம்மா, நாளைக் காலை பத்து மணிக்குத் தலைமைப் பணியாளர் தேர்வு. கட்டிலக்காவின் படிவம் உங்கள் முன்னால் இருக்கும் கோப்பில் இருக்கிறது. கொஞ்சம் கொடுங்கள். நன்றி. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், என் வார்த்தையை நானே அடிக்கிறேன். அதன் இடத்தில் என்ன எழுதுவது? முன்னோடி என்றா? நல்ல வார்த்தையும் நானாகவே எழுதிவிட்டால் அதுவும் கேட்காமல் எழுதியதுதானே? ஆகவே இப்படி எழுதுகிறேன்: 'இவரையே கேளுங்கள்.' கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அம்மா தலையசைக்கிறார்கள். நாளைக்குக் கேட்பார்கள்! இப்போது தட்டுங்கள், ஆனால் எனக்கல்ல, பின்னால் தூணோரம் நிற்கும் நம் கட்டிலக்காவுக்கு!

என்னக்கா? கை தூக்குகிறீர்கள். மைக் வேண்டாம், சத்தமாகவே சொல்லுங்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். ஒம்பதாம் நம்பர் கட்டிலுக்கு மேல ஃபேன் கடகடங்குது. மூணு தடவ சொல்லிட்டேன். ஒரு தடவ படுத்துப் பாருங்க, புரியும்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நான் சிரிக்க முடியாது, எனக்கு வேலை வந்துவிட்டது. பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி, பொறுத்துப்போன அக்காவுக்கு என் வணக்கம். ஒன்பதாம் கட்டில் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. படுக்கப் போகிறேன்.