எத்தனை தடவை

2041-ஆம் வருடம் வைகாசி மாதம் என் வீட்டுக்கு எவ்வளவு பால் வாங்குவோம் என்பதை நான் இன்றைக்கே சொல்லிவிடுவேன். தினமும் அரை லிட்டர். கோவில்பட்டியில் இப்படிச் சொல்லக்கூடிய ஆள் இன்னொருவர் இருந்தால் என் மீசையில் ஒரு பக்கத்தை வழித்துக்கொள்கிறேன். இன்ஸ்பெக்டர் அம்மா, இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று பேனா கேட்டபோது சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள்.

என் பெயர் சுடலைமணி. தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தாறு வருடம் கணக்கு எழுதினேன். பெட்டியைக் காதருகே ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், உள்ளே இருப்பது நாற்பத்தேழு குச்சியா நாற்பத்தெட்டா என்று சொல்லிவிடுவேன். முதலாளி அதற்காகவே வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவார். ரிட்டயர்டான மாதம் என் மகள் இசக்கிச்செல்வி தூத்துக்குடியிலிருந்து வந்தாள். தன் பழைய லேப்டாப்பில் வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். “சும்மா இருந்தா அம்மாவைத்தான் நோண்டிக்கிட்டு இருப்பிய. இதை நோண்டுங்கப்பா” என்றாள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது திரும்பத் திரும்ப வரும் செலவுகளுக்கான பக்கம். பால், பேப்பர், கேபிள், குடிதண்ணீர் வண்டி. ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், அந்தந்தத் தேதியில் அதுவே வந்து நிற்கும். ‘பதிவு செய்’ என்று தட்ட வேண்டியதுதான் நம் வேலை. ஆனால் எழுதும்போதே ஒரு கேள்வி கேட்கும்: எத்தனை தடவை? பக்கத்தில் ‘முடிவில்லை’ என்றும் ஒரு கட்டம் உண்டு. சோம்பேறிகள் அதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முடிவில்லாத செலவு ஒரு செலவா? நான் எல்லாவற்றுக்கும் எண் போட்டேன். பேப்பர் அறுபது. கேபிள் முப்பத்தாறு. கையிலிருக்கும் பணம் எனக்கு எண்பது வயது ஆகும்வரை வர வேண்டும். இதில் யாருக்கும் சலுகை கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்.

பிறகு என் மனைவி கோமதியம்மாளுக்கு இருதயம் வீங்கியிருப்பது தெரிந்தது. திருநெல்வேலி டாக்டர் என்னைத் தனியே அழைத்து, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் இரண்டு வருடம் தாங்குவார்கள் என்றார். மாத்திரை மாதம் 4,850 ரூபாய். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். எத்தனை தடவை என்று கேட்டது. இருபத்துநான்கு என்று அடித்தேன். டாக்டர் சொன்னதைத்தான் எழுதினேன், நானாகக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

அதைத் தொடர்ந்து வருவதையும் அன்றைக்கே எழுதி வைத்தேன். கடைசி மாத்திரை தீர்ந்து நாற்பது நாள் தள்ளி, ஐப்பசி இரண்டாம் தேதி, ஒரே ஒரு தடவை: காரியச் செலவு, எழுபத்தைந்தாயிரம். அந்த நாற்பது நாள் நானாகக் கொடுத்தது. நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை. ஐப்பசியில் மழை இருக்கும் என்று பந்தலுக்குத் தார்ப்பாயும் சேர்த்தேன். மறுநாளிலிருந்து பால் ஒரு லிட்டர் என்பது அரை லிட்டர்.

கணக்கைக் கெடுத்தது கோமதியம்மாள்தான். தேறிவிட்டாள். இருபதாவது மாதம் தண்ணீர் வண்டிக்கு ஓடிப்போய் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் தூக்கினாள். டாக்டருக்கே ஆச்சரியம். இப்படியே மாத்திரை சாப்பிட்டால் இன்னும் பத்து வருடம்கூட இருக்கலாம் என்றார். அதாவது நூற்றிருபது தடவை. போட்டுப் பார்த்தேன். என்னுடைய எழுபத்தாறாவது வயதிலேயே கையிருப்பு சுழியமாகிவிட்டது.

இருபத்துநான்கு முடிந்தது. மாத்திரை வாங்கவில்லையா என்று கேட்டாள். கோர்ஸ் முடிந்துவிட்டது, இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன்.

“நெசமாவா சொல்லுதிய?” என்று என் முகத்தையே பார்த்தாள். “அப்ப எனக்குச் சரியாப் போச்சா?”

மறுநாளே செண்பகவல்லி அம்மனுக்குப் புடவை சாத்திவிட்டு வந்தாள். அந்தப் புடவை எந்தப் பதிவிலும் இல்லாத செலவு. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் கால் வீங்கியது. அதன் பிறகு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்ப்போமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மழை பெய்து ஓயட்டும் என்றேன். சரி என்றாள். நான் சொன்ன தேதியை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை.

ஐப்பசி இரண்டாம் தேதி காலையில் அவள் மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டு எதிர்வீட்டு உமாராணி ஓடிவந்து, 108-க்குப் போன் போடவா என்று கேட்டாள். லேப்டாப்பில் நினைவூட்டல் வந்து நின்றது. காரியச் செலவு, இன்று. “நான் போட்டுட்டேன் தாயி. வண்டி வந்துக்கிட்டு இருக்கு” என்றேன். அரை மணி நேரத்தில், நான் கூப்பிடாத அந்த வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. மேளக்காரர்கள் வருவதற்கு முன்பே ‘பதிவு செய்’ தட்டிவிட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த கோமதியம்மாளின் தம்பி வேல்சாமி, மெடிக்கல் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறான். புதூர்ப் பக்கம் ஆடு வைத்திருப்பவன். இருநூறு ஆட்டில் ஒன்று குறைந்தால் எண்ணாமலே தெரியும் அவனுக்கு. “ரெண்டு மாசமா மாத்திரையே வாங்கலையாமே அத்தான்” என்றான். பதிலுக்குக் காத்திராமல் நேரே உங்களிடம் வந்துவிட்டான்.

அவன் சொன்னதைத் தெருவே நம்பியது. நம்பாதவள் இசக்கிச்செல்வி ஒருத்திதான். “எங்கப்பா கருமிதான் மேடம். ஆனா அம்மாவைச் சாகவிடுத ஆளு இல்ல. அப்படி ஒண்ணும் நடக்கல” என்று இதே மேசை முன்னால் நின்று சொன்னாள். நான்தான் லேப்டாப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மறைக்க நினைப்பவன் எழுதி வைப்பானா?

இதை நான் எழுதிக்கொண்டிருக்கையில் மகள் எதிரே உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாத்திரை இருபத்துநான்கு. காரியம் ஒன்று. பால் அரை லிட்டர். மூன்றும் ஒரே நாளில் எழுதப்பட்டவை என்று தேதி காட்டுகிறது. அவள் அழவில்லை. பட்டியலில் இன்னும் கீழே போனாள். கடைசியில் இருந்தது என்னுடைய பிரஷர் மாத்திரை, மாதம் 310 ரூபாய். எண் போடும் இடம் காலியாக இருந்தது. ‘முடிவில்லை’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

அது கவனக்குறைவு, இன்ஸ்பெக்டர் அம்மா. போட வேண்டும் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், வேறு வேலை வந்துவிட்டது. இப்போதே திருத்திவிடலாம் என்று கை நீட்டினேன். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லுங்கப்பா, நான் அடிக்கேன். எத்தனை தடவை?”

யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நடந்திருக்கு மேடம்” என்றாள்.