மாறுகண் கிருஷ்ணர்

பசை காய்வதற்குள் குழந்தைகள் தொட்டுப் பார்த்துவிடுவார்கள், மேடம். கோடை வகுப்பு நடத்துகிறவனுக்கு அதுதான் பெரிய தலைவலி. வெயிலும் மின்வெட்டும் அதற்கு அப்புறம்தான்.

உட்காருங்கள். ஃபேனுக்குக் கீழே இருக்கும் நாற்காலி நல்லது. மற்றதில் உட்கார்ந்தால் யூனிஃபார்மில் பெயிண்ட் ஒட்டும்.

என் பெயர் ஜவஹர். அப்பாவுக்கு தி. நகரில் ஜவுளிக்கடை இருந்தது. விலை கேட்டு உதட்டைப் பிதுக்கும் முகங்களைப் பார்த்தே வளர்ந்தவன். வாங்க வந்தவரா, ஃபேன் காற்றுக்கு ஒதுங்கியவரா என்று படி ஏறும்போதே சொல்லிவிடுவேன். அந்தக் கண்தான் இந்தத் தொழிலிலும் சோறு போடுகிறது. ராஜா அண்ணாமலைபுரத்துப் பெற்றோர் என்னிடம் வாங்குவது ஓவியப் பயிற்சி அல்ல. கடைசி நாள் கண்காட்சியில் ஒரு தஞ்சாவூர்க் கிருஷ்ணர் தொங்க வேண்டும், கீழே பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார் வயிறெரிய வேண்டும். சரக்கு அதுதான்.

பத்து வயதுப் பிள்ளை வரையும் கிருஷ்ணரின் ஒரு கண் மயிலாப்பூரைப் பார்க்கும், இன்னொன்று அடையாறைப் பார்க்கும். ஆகவே பிள்ளைகள் கிளம்பியதும் நான் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்காருவேன். கண்ணைத் திருத்தி, விரல்களைப் பிரித்து, தங்கத் தாள் ஒட்டி வைப்பேன். மறுநாள் அந்தப் பிள்ளை வந்து தானே செய்ததாக நம்பும். யாருக்கு என்ன நஷ்டம்?

ஜெனிதாவை இலவசமாகச் சேர்த்துக்கொண்டேன். பட்டினப்பாக்கத்துப் பெண், பன்னிரண்டு வயது. அவள் அம்மா தேசம்மா இந்தத் தெரு ஃபிளாட்டுகளுக்கெல்லாம் மீன் கொடுப்பவள். அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் விளம்பரத்துக்கும் நன்றாக இருக்கும். மற்றவர்கள் மிச்சம் வைத்த பெயிண்ட் அவளுக்கு. தங்கத் தாள் மட்டும் கிடையாது. அது என் பீரோவில், சாவி என் இடுப்பில்.

சேர்த்த அன்று தேசம்மா சொன்னாள்: "இன்னா தப்பு பண்ணாலும் எங்கைல சொல்லிடு சார். திருட்டு கிருட்டுன்னு எதுனா வந்துச்சு, கரண்டிய காய்ச்சி அந்தக் கைலயே இழுத்துடுவேன். எங்கண்ணனுக்கு எங்கம்மா அப்டிதான் இழுத்துச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எது பேரத்துக்குச் சொன்ன விலை, எது கடைசி விலை என்று எனக்குத் தெரியாதா? அது கடைசி விலை.

எல்லோரும் கிருஷ்ணர் வரைய, ஜெனிதா தன் அம்மா வஞ்சிரம் அறுப்பதை வரைந்தாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஆனால் அறுபடுகிற மீனின் கண் நம்மையே பார்க்கும். திருத்தலாம் என்று போனேன். ஈரப் படத்தை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேணாம் சார், கை வைக்காத. இது என்னுது."

அதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. பக்கத்தில் உட்காரும் பாரத்தின் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"டேய், உன் கிருஷ்ணருக்கு மாறுகண்ணுதானடா போட்ட? நைட்டோட நைட்டா கண்ணு டாக்டர் வந்துட்டுப் போனாரா?"

வகுப்பே சிரித்தது. பாரத் குனிந்து பார்த்தான். "ஆமா சார், இது நான் போட்டதில்ல." அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாரத்தின் அம்மா ஸ்வர்ணலதா காதில் விழுந்த செய்தி அன்றைக்கே கோட்டூர்புரம் போய்விடும். கண்காட்சியோ நெருங்கிவிட்டது.

அம்மாக்களும் பிள்ளைகளுமாகக் களிமண் பிசைகிற நாள் ஒன்று உண்டு. ஸ்வர்ணலதா மோதிரத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தார். கை கழுவி வந்தால் காணோம். எல்லோரும் தேடினோம். ஜெனிதாவின் பெயிண்ட் டப்பாவில் இருந்தது. அதற்குப் பிறகு மாறுகண் பற்றி அவள் பேசினால் யார் நம்புவார்கள்? திருட்டுப் பிள்ளை, சாரைப் பழி சொல்கிறது என்பார்கள்.

ஸ்வர்ணலதா போலீஸைக் கூப்பிடலாம் என்றார். "சின்னப் பொண்ணு மேடம், பாவம், விட்ருங்க" என்று தடுத்தவன் நான். தேசம்மாவை மட்டும் வரவழைத்து, அதட்டாமல் நல்லவிதமாகச் சொன்னேன். ஜெனிதா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த மீனைப் போல.

சூடு பட்ட கை புரையோடிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அங்கிருந்துதான் உங்களுக்குத் தகவல் வந்தது. வலது கை, விரல்கள் மடங்காது என்கிறீர்கள். வருத்தம்தான்.

இப்போது மேசையில் நீங்கள் வைத்திருக்கும் இந்தத் துண்டுத் தங்கத் தாள். மோதிரம் இதில்தான் சுற்றியிருந்ததாம். ஸ்வர்ணலதா பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். ஓசியில் படிக்கிற பிள்ளைக்கு இது எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மோதிரத்தை வெறுமனே போட்டிருக்கலாம். டப்பாவில் பெயிண்ட் ஈரமாக இருந்தது, அடுத்தவர் பொருளில் கறை படியுமே என்று சுற்றினேன். எதையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஆமாம், நான்தான் வைத்தேன். கரண்டி காயும் என்பதும் தெரியும். தேசம்மாவை ஸ்டேஷனிலிருந்து அனுப்பிவிடுங்கள். சொன்ன சொல் தவறாத பெண்மணி.

அதோ, ஜெனிதாவின் படம். கண்காட்சியில் நடுச்சுவரில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கூடவே இதையும் எழுதுங்கள்: அவள் கேட்டுக்கொண்டபடி, அந்தப் படத்தில் நான் கை வைக்கவே இல்லை.