கைப்பிடி இல்லாத ஹாரன்

என் பெயர் மார்கிட் ஸ்ட்ராந்த், வயது 48. பிரிட்டிஷ் கொலம்பியா, கார்னட் கிரீக் ரயில்வே குடியிருப்பில் வசிக்கிறேன். மலைப் பாதையில் பனிச்சரிவு அபாயத்தைக் கணிப்பது என் வேலை. ஓரெஸ்ட் டிமிட்ருக்கைப் பனியில் விட்டுவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்ததாக டிரைவர் டெல்மர் கோடெட் மீதுள்ள வழக்கில் என்னை விசாரித்ததன் பேரில் சொல்கிறேன்.

சம்பவத்தன்று காலை, முன்னால் இருந்த பனி அகற்றும் வண்டியை ஓரெஸ்ட் இயக்கினார். அதோடு இணைந்து அதைத் தள்ளும் இன்ஜினில் டெல்மரும் நானும் இருந்தோம். பறக்கும் பனியில் இன்ஜினிலிருந்து எதுவும் தெரியாது என்பதால், ஓரெஸ்ட் ஹாரன் அடித்தால்தான் டெல்மர் நகர்த்துவார். ஒன்று என்றால் முன்னே, மூன்று என்றால் பின்னே. ஓரெஸ்ட் கீழே இறங்கும்போது ஹாரன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப் போவார். அது இல்லாமல் அந்த ஹாரன் ஒலிக்காது.

மலைச் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. ஓரெஸ்ட் ரேடியோவில், "அறுத்துட்டு வர்றேன். கை அரிக்குதுன்னு எதையாவது இழுத்துத் தொலைக்காதே" என்றார். டெல்மர், "மெதுவா வா பெருசு. உன் சாண்ட்விச்ச நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு சிறிது நேரம் கழித்து முன்னாலிருந்து மூன்று முறை ஹாரன் ஒலியைக் கேட்டேன். டெல்மர் வழக்கப்படி இன்ஜின் ஹாரனில் மூன்று அடித்துப் பதில் கொடுத்து, ஓரெஸ்ட் ஏறிவிட்டார் என்று எண்ணி, சுரங்கத்துக்குள் பின்வாங்கினார். அதன் பிறகு நாங்கள் நின்றிருந்த இடத்தில் சரிவு இறங்கிச் சுரங்க வாயை மூடியது. டெல்மர் ரேடியோவில், "பெருசு, பேசு" என்று பலமுறை கூப்பிட்டார். அதன் பிறகு இருவரும் முன்வண்டிக்குப் போனோம். அங்கே யாரும் இல்லை. பனிக் காலோடு யாரும் ஏறிய தடம் இல்லாமல் உள்தரை உலர்ந்திருந்தது. கைப்பிடி பொருந்தும் இடத்தில் உறைபனி கலையாமல் படிந்திருந்தது.

மறுநாள் ஓரெஸ்டின் உடலைத் தோண்டி எடுத்தபோது உடனிருந்தேன். கைப்பிடி அவர் கோட்டின் உள்பையில், பொத்தான் போட்டபடி இருந்தது.

அன்று அந்தப் பாதையில் வேறு வண்டி இல்லை. காற்றாக இருக்குமா என்று கேட்டதற்கு, அந்தக் கணவாயின் காற்று எனக்குப் பழக்கம், அது காற்று அல்ல என்று சொன்னேன். ஒலி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட கதைகளை நான் நம்புவதில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது "கேட்டது போல் தோன்றியது" என்று இருந்ததை அடிக்கச் சொன்னேன். அதிகாரி, "இருக்கட்டுமே மேடம், நாளைக்கு உங்க கணிப்ப யார் நம்புவாங்க?" என்றார். அப்படியே விட்டால் டெல்மர் சிறைக்குப் போவார். "கேட்டேன்" என்று திருத்தச் செய்தேன்.

திருத்தத்தோடு சேர்த்து இதிலுள்ள அனைத்தும் நான் சொன்னவை, உண்மையானவை.

(ஒப்பம்) மார்கிட் ஸ்ட்ராந்த்