முழுப் பாட்டு

சின்னப் பிள்ளைகளுக்கு ஜப்பான் கார்ட்டூன் பாட்டு போடுவதாக இருந்தால், மெதுவான பாட்டில் ஆரம்பிக்க வேண்டும். எல்லோரும் எடுத்த எடுப்பில் சண்டைக் கதையின் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். டிரம்ஸும் கத்தலுமாக அது காதை அடைத்துவிடும். அதற்குப் பிறகு நல்ல பாட்டு எதுவும் உள்ளே போகாது. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கைதட்டல் வருகிற பாட்டு. மூன்றாவது, நான்காவதுக்கு ஓட்டமான பாட்டு. ஐந்தாவது வந்துவிட்டால் கொஞ்சம் சோகமும் தாங்குவார்கள். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆரணியில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டே நானாகக் கண்டுபிடித்தது.

சார், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். ஹேமநாத்தை ஏன் வண்டிக்குள் வைத்துப் பூட்டினாய் என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பாட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் அதற்குப் பதில் வரும். நேற்று பாட்டைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்ததுமே மேஜையைத் தட்டினீர்கள். யாருக்கும் எதையும் கடைசி வரை கேட்கப் பொறுமை இல்லை. என் எரிச்சலே அதுதான்.

என் பெயர் லோகநாதன். வேன் சொந்த வேன். முதலில் எல்லா டிரைவர்களையும் போல நானும் சினிமாப் பாட்டுதான் போட்டேன். ஒருநாள் கீதா என்று ஒரு அம்மா, பெண்ணை ஏற்றிவிட வந்தவர், வண்டியை மறித்துக்கொண்டார்.

"இன்னாங்க அண்ணா, என் பொண்ணு வூட்ல கன்னாபின்னான்னு பாடிகினு திரியுது. மாமனார் எதிர்ல மானம் போவுது. வேற எதனா போடுங்க."

நியாயமான பேச்சு. ஜப்பான் பாட்டு வேண்டும் என்று கேட்டது பிள்ளைகள்தான். அர்த்தம் யாருக்கும் புரியப்போவதில்லை, மானமும் போகாது என்று போட்டேன்.

ஆனால் எதையும் நான் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் அர்த்தம் தேடிப் படித்தேன். சாவு வருகிற பாட்டுகளை எடுத்துவிட்டேன். பழிவாங்குகிற பாட்டுகளையும் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் இல்லையா? கொசப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு பவர்லூம் ஓடுகிற தெருக்களில் சத்தத்தைக் கூட்டுவேன், தாண்டியதும் குறைப்பேன். ஒரு டிரைவர் இவ்வளவு செய்யத் தேவையில்லை. செய்தேன்.

மலைமேல் நரிகள் பள்ளிக்கூடம் நடத்துகிற கதை ஒன்று. அதன் பாட்டு டிவியில் ஒன்றரை நிமிடம்தான் வரும். முழுப் பாட்டு அதைவிடப் பெரியது. அதில் ஒரு இடத்தில் எல்லா வாத்தியமும் நின்று புல்லாங்குழல் மட்டும் கேட்கும். அப்புறம் பாடுகிற பெண் மூச்சு இழுப்பது கேட்கும். அதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கமண்டல நாகநதிப் பாலத்தில் வண்டி ஏறும்போது சரியாக அந்த இடம் வருகிற மாதிரி, கோட்டை மைதானத்தைத் தாண்டும்போது பாட்டை ஆரம்பிப்பேன். முதல் வருஷம் கண்ணகி என்ற வாண்டு, "அங்கிள், அந்த அக்கா அழுவுதா?" என்று கேட்டது. அன்றைக்கு நான் தரையில் இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டாள்.

பிறகு ஹேமநாத் வந்தான். ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பட்டுப்புடவைக் கடை. துறுதுறுவென்று இருப்பான், கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் பழைய போன் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள், அதுதான் வினை. இரண்டாம் நாளே என் பாட்டின் நடுவில், "அங்கிள், இது ஓல்டு. ஸ்கிப் பண்ணுங்க" என்றான். மறுவாரம் அவனே தன் போனை என் ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டான். ஒரு பாட்டில் உச்சம் வரும், கத்துவார்கள், உடனே அடுத்த பாட்டு. அடுத்தது, அடுத்தது. பாலம் வருவதற்குள் எத்தனையோ பாட்டுகளின் கழுத்து அறுபட்டிருக்கும். வண்டி முழுக்க, "ஹேமா, நீ போட்றா!" என்று ஒரே கூச்சல். கண்ணகியும் சேர்ந்து கத்தினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் அம்மா திலகவதியிடம் ஒருநாள் முறையாகச் சொன்னேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "சின்னப் பையன்ணா. ஒரு பாட்டுக்குப் போயா இவ்ளோ பேஜார் பண்றீங்க? வண்டி ஓட்றவரு ரோட்டப் பாத்து ஓட்டுங்க, போதும்."

ஒரு பாட்டுக்குப் போயா. அந்தச் சொல்லைப் பல நாள் பாலத்தில் ஏறும்போதெல்லாம் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பரீட்சை முடிந்த அன்று மதியம் எல்லோரையும் இறக்கிவிட்டேன். ஹேமநாத்தின் வீடுதான் கடைசி. வழியில் அவன் அம்மா போன் செய்தார். "முகூர்த்த நேரம் அண்ணா, கடைல கூட்டம் ரொம்பிகினு கீது. வூட்ல யாரும் இல்ல. கொஞ்ச நேரம் உங்க வண்டிலயே வெச்சிகினு இருங்க, நானே வந்து கூட்டிகினு போறேன்." பையனை வண்டியில் வைத்திருக்கச் சொன்னது நான் அல்ல, அவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரைஸ் மில்லின் பின்பக்கம் நிறுத்தப் போவதாக அவரிடம் சொன்னேன். மில்லுக்கு அன்று லீவு. நிம்மதியாகப் பாட்டு கேட்க ஆரணியில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

"இன்னிக்கு ஒரே ஒரு பாட்டு முழுசா கேளுடா" என்றேன். நரிப் பாட்டைப் போட்டேன். முதல் சரணம்கூட முடியவில்லை, தன் போனிலிருந்து மாற்றிவிட்டான்.

"போர் அடிக்குது அங்கிள்."

நான் கோபப்படவில்லை. கை ஓங்கவில்லை, திட்டவில்லை. அவன் போனை மட்டும் வாங்கிக்கொண்டேன். கண்ணாடிகளை ஏற்றினேன், இறக்கி வைத்தால் பாட்டு வெளியே போய்விடும். கீழே இறங்கிக் கதவைப் பூட்டினேன். ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கண்ணாடி பிள்ளைகள் கைக்கு இறங்காதபடி பூட்டும் உண்டு. பிள்ளைகள் ஹார்னையும் கியரையும் தொடக் கூடாதென்று என் சீட்டுக்குப் பின்னால் தடுப்பும் போட்டிருக்கிறேன். அந்தப் பாதுகாப்பைப் பெற்றோர்கள் எத்தனையோ முறை பாராட்டியிருக்கிறார்கள். வண்டி நிற்கிற அளவுக்கு அங்கே நிழல் இல்லை. நான் பக்கத்தில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, என் போனிலிருந்து பாட்டை முதலிலிருந்து போட்டேன். வேனுக்குள் இருக்கிற ஸ்பீக்கர் பாடியது.

அவன் கேட்டிருந்தால் ஒரே பாட்டில் முடிந்திருக்கும். "அங்கிள், கதவத் தொறங்க அங்கிள்" என்று கத்த ஆரம்பித்தான். கத்திக்கொண்டே கேட்டால் அது கேட்டதாகாது. மறுபடி முதலிலிருந்து போட்டேன். மறுபடி கத்தினான். மறுபடி போட்டேன். அப்புறம் "இனிமே மாத்த மாட்டேன் அங்கிள்" என்றான். நல்ல வார்த்தைதான், ஆனால் புல்லாங்குழலுக்கு முன்னால் சொல்லிவிட்டான். அவன் குரலில் பாட்டு அமுங்கியதால் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு கத்துவதை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தான். இன்னும் கூட்டினேன்.

வெயில் கடுமைதான். மறுக்கவில்லை. எனக்கும் வியர்த்தது.

அந்தப் பாட்டு ஒருவழியாக முடிந்ததும், ஐந்தாம் வகுப்புக்கு என்று நான் பொறுக்கி வைத்திருந்த மற்ற பாட்டுகளையும் வரிசையாகப் போட்டேன். இப்போது உள்ளேயிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு பாட்டுகூட நடுவில் அறுபடவில்லை. எத்தனை மாதம் கழித்து அப்படிக் கேட்கிறேன், தெரியுமா?

திலகவதி ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோதும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"புள்ள எங்க அண்ணா?"

"உள்ள பாட்டு கேட்டுகினு கீறான். கொஞ்சம் இருங்கம்மா, இன்னும் ஒரு பாட்டு கீது" என்றேன்.

அவர் இருக்கவில்லை. என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அங்கேயும் யாரும் என்னைப் பேச விடவில்லை.

கதவைப் பூட்டியது நான். கண்ணாடியை ஏற்றியது நான். அவன் தட்டத் தட்டச் சத்தத்தைக் கூட்டியதும் நான்தான். ஹேமநாத் செத்தது என்னால்தான் என்று எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவன் பாட்டைக் கேட்கவே இல்லை என்று மட்டும் எழுத மாட்டேன். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன் சார். கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தவன், புல்லாங்குழல் வருகிற இடத்தில் சரியாக நிறுத்திவிட்டான்.