கடைசிப் பெட்டிக்குப் பின்னால்

இரவு ஒன்று இருபது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து மேலே பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம்... நடுவில் வீடு இல்லை, விளக்கு இல்லை, பஸ் போகிற ரோடுகூட வேறு பக்கம். தண்டவாளம் மட்டும்தான்.

முதலில் அந்த செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள். கரண்ட் வந்தால் தையல் மிஷின் எல்லாம் தானாகவே கத்தும், அதுவரைக்கும் நமக்கு வேலை இல்லை. காஜா போடுகிறவளே, நீ சுவரோரம் போய் உட்கார். போன தடவை பயந்துபோய் என் கையைப் பிறாண்டி வைத்தது நீதான். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் நான் எழுந்து போய்விடுவேன். சொல்லிவிட்டேன்.

இது எனக்கு நடந்ததில்லை. என் பக்கத்து மிஷினில் முன்பு ஒருத்தி காலர் தைத்துக்கொண்டிருந்தாளே, அவளுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. சரக்கு வண்டிக்குக் கடைசியில் சின்னதாக ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டு போகுமே, அதில் தனியாக உட்கார்ந்து போகிறவர். முன்னால் எஞ்சினில் டிரைவர். பின்னால் இவர். நடுவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு.

அந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. கூட்ஸ் வண்டி கிளம்பும்போது எல்லாப் பெட்டியும் சேர்ந்தாற்போல் நகராது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டியிருக்கும் கப்ளிங்கில் கொஞ்சம் தொய்வு இருக்கும். எஞ்சின் இழுத்ததும் முதல் கப்ளிங் விறைக்கும்... டங். அப்புறம் அடுத்தது... டங். இப்படியே சத்தம் முன்னாலிருந்து பின்னால் ஓடி வரும். டங் டங் டங் டங்... கடைசியில் கார்டு பெட்டி. அங்கே வந்து சேரும்போது அது சத்தம் இல்லை, உதை. பெட்டிகளின் முனையில் ஸ்பிரிங் வைத்த இரும்புத் தட்டுகள் இருக்கும், பஃபர் என்பார்கள். இடியை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும் என்று பேர். அது வாங்கியது போக மிச்சம் கார்டின் இடுப்புக்கு.

இருபது வருஷம் அந்த உதையைத் தின்ற மனுஷன். சத்தம் ஓடி வரும் வேகத்தை வைத்தே, டீ டம்ளரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வார். உதைக்கும். அதோடு சத்தம் செத்துவிடும். அவருக்குப் பின்னால்தான் ஒன்றும் கிடையாதே. ஒரு சிவப்பு விளக்கு, அப்புறம் இருட்டு.

அன்றைக்கு அவர் மனைவியும் நாலு வயது மகளும் ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் பகல் பஸ்ஸில் வருகிறேன் என்றுதான் சொன்னாள். இவர்தான் கேட்கவில்லை. "பஸ்ல பாப்பா வாந்தி எடுக்கும். நைட் பாசஞ்சர்ல வா. எஞ்சினை ஒட்டின மாதிரி முதல் பெட்டியில ஏறு, அங்கதான் உதை கம்மி" என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தான் பட்டது பிள்ளை படக்கூடாது என்ற எண்ணம். தகப்பன் இல்லையா.

அந்தப் பாசஞ்சர் இவர் வண்டிக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அடிவாரத்து ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார்: "நீங்க மேல போய்ச் சேர்ந்தப்புறம்தான் பாசஞ்சரை விடுவேன். அதுவரைக்கும் இங்கதான் நிக்கும். வீட்ல இருக்கவங்க அதுலதானே வர்றாங்க? சட்டுனு ஏறிடுங்க."

கார்டு பச்சை விளக்கைக் காட்டினார். வண்டி கிளம்பியது. டங் டங் டங்... ஓடி வந்தது. டம்ளரைத் தூக்கினார். உதைத்தது.

அப்புறம்... டங்.

பின்னால்.

காதில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார். அஞ்சாறு கிலோமீட்டர் போனதும் ஒரு சிக்னலில் வண்டி நின்று மறுபடி கிளம்பியது. ஓடி வந்தது, உதைத்தது. அப்புறம் அவர் காலுக்கடியில் நுழைந்து, அவரைத் தாண்டிப் போனது. டங்... டங்... டங்... போய்க்கொண்டே இருந்தது. எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து வாசலுக்கு வந்தார். அடித்துப் பார்த்தார். தண்டவாளம் இரண்டு கோடாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அப்பாடா என்று டார்ச்சைத் தாழ்த்தினார்.

கடைசிப் பெட்டியின் பின்பக்கத்துக் கப்ளிங்கை யாரும் தொங்க விடமாட்டார்கள். மடக்கி அதன் கொக்கியிலேயே மாட்டி வைத்துவிடுவார்கள். கிளம்பும்போது அவரே மாட்டியதுதான். அது இப்போது... நீட்டிக்கொண்டு நின்றது. வெறும் காற்றில். தரைக்கு மட்டமாக, விறைப்பாக. மறுமுனையில் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கனத்தை இழுக்கும்போது நடுங்குமே, அப்படி.

அப்போதுதான் அந்த வாடை. காட்டு வாடை இல்லை. ஆட்களை நெருக்கி அடைத்த பெட்டியின் வாடை. வேர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், குழந்தை கக்கிய பால்... எல்லாம் அந்த வெற்று இருட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வாக்கி டாக்கியில் டிரைவர் கூப்பிட்டார். "அண்ணே, பின்னாடி என்னத்தைக் கட்டி இழுத்துட்டு வர்றீங்க? மாமியார் வீட்டையே மாட்டிட்டீங்களா? எஞ்சின் திணறுது."



செங்குத்தான இடத்தில் வண்டி நின்றே போனது. முன்னால் எஞ்சின் சக்கரம் வழுக்கிச் சுற்றும் சத்தம்... கருகின வாசனை. டிரைவர் பிரேக் போட்டார். இவரும் தன் பெட்டியின் கைப்பிரேக்கைச் சுற்றி இறுக்கினார், இனி சுற்றாது என்கிற வரைக்கும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்... கிரீச். ஒரு விரல் அளவு வண்டி பின்னால் வழுக்கியது. நின்றது. கிரீச்... இன்னொரு விரல்.

"அண்ணே, வண்டி நிக்கல" என்றார் டிரைவர். இந்தத் தடவை கேலி இல்லை.

முப்பத்தெட்டுப் பெட்டி சிமெண்ட். வழுக்க ஆரம்பித்தால் அடிவாரத்தில் போய்த்தான் நிற்கும். அங்கே பாசஞ்சர் நின்றுகொண்டிருக்கிறது. எஞ்சின், எஞ்சினுக்கு அடுத்து முதல் பெட்டி. அவரே ஏறச் சொன்ன பெட்டி.

இறங்கினார். பின்னால் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டால் தன் வண்டி நிற்கும். கழற்றினது கீழே உருளும். உருளட்டுமே. இல்லாத ஒன்று உருண்டுபோய் எதை இடிக்கப் போகிறது? அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாராம்.

இரண்டு பெட்டிக்கு நடுவில் நுழைகிறவர்கள் பஃபருக்குக் கீழே குனிந்துதான் நுழைய வேண்டும். இங்கே குனிய வேண்டிய அவசியமே இல்லை, பின்னால் திறந்த வெளி. சும்மா நடந்து வந்து நிற்கலாம். ஆனாலும் பழக்கத்தில் உடம்பு தானாகக் குனிந்தது. நிமிர்ந்தபோது காற்று நின்றுபோயிருந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கப்ளிங்கைப் பிடித்தார். இரும்பு சூடாக இருந்தது. தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. அசையாது. இழுபட்டு நிற்கிற கப்ளிங்கைக் கழற்ற முடியாது. பின்னால் இருக்கிற பெட்டி ஒரு சாண் முன்னால் வந்து பஃபரை அழுத்தினால்தான் தொய்வு கிடைக்கும். மாட்டுவதற்கும் அப்படித்தான், இறுக்குவதற்கும் அப்படித்தான். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அழுகை வந்துவிட்டது.

அப்போது... அவருக்கு இரண்டு பக்கமும் இருந்த பஃபர் தட்டுகள் தானாக உள்ளே போயின. மெதுவாக. ஆளுக்கு அடிபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அழுத்துகிற மாதிரி. கப்ளிங் தொய்ந்து அவர் கையில் விழுந்தது.

இறுக்கிக் கட்டுவதற்காக வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்கள்.

"என்னை நம்பி ஒரு சாண் கிட்ட வந்தாங்கம்மா" என்று காலர் தைத்த என் சிநேகிதியிடம் சொல்லிச் சொல்லி அழுவாராம் அந்த மனுஷன். "நான் கழட்டி விட்டுட்டேன்."

கழற்றித் தன் கொக்கியில் மாட்டினார். குனிந்து வெளியே வந்தார். காற்று திரும்ப அடித்தது. கீழே, ஆள் இல்லாத தண்டவாளத்தில், சக்கரம் உருளும் சத்தம். முதலில் மெதுவாக... அப்புறம் வேகமாக... வளைவுக்கு வளைவு தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"வண்டி லேசாயிடுச்சு. என்னண்ணே பண்ணீங்க?" என்றார் டிரைவர். இவர் கைப்பிரேக்கைச் சுற்றித் தளர்த்தினார்.

மேல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாற்பது. வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்து ஓடிப்போய்க் கீழே போன் போடச் சொன்னார். அடிவாரத்து மாஸ்டர், "பாசஞ்சருக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. இதோ கிளப்பிட்டேன். நின்னுட்டிருக்கும்போது எஞ்சின் பக்கம் லேசா ஒரு குலுங்கு குலுங்குச்சாம், அவ்வளவுதான்" என்றார். கார்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தார்.

"அப்ப ஒண்ணும் ஆகலையா?" 

பார்த்தாயா காஜாக்காரி, வாயைத் திறந்துவிட்டாய். ஒன்றும் ஆகவில்லை என்றால் நான் ஏனடி உன்னை உட்காரவைத்துக் கதை சொல்கிறேன்? பேசாமல் கேள்.

மூன்று ஐம்பதுக்குப் பாசஞ்சர் வந்தது. அவர் வீடு அந்த ஊரில்தான், டூட்டியும் அங்கேயே முடிந்திருந்தது. முதல் பெட்டிக்கு ஓடினார். ஈ காக்கை இல்லை. அவர் மனைவி மட்டும் ஜன்னலோரத்தில், பெஞ்சின் நுனியில், தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"பெட்டியே காலியா கிடக்கு, ஏன் இப்படி ஒண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க?" என்றார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா பேசுங்க. இப்பத்தான் எல்லாரும் கண்ணசந்தாங்க."

எல்லாரும் என்றால்?

"கீழ நின்னப்ப முன்னாடி பெட்டி மாட்டினாங்களே, அதுல இருந்து வந்தாங்க. பாவம், நிக்கக்கூட எடமில்ல. ஏத்தத்துல யாரோ கழட்டி விட்டுட்டாங்களாம். போன தடவையும் அப்படித்தான் பண்ணாங்களாம்."

முன்னால் எஞ்சின்தான் இருக்கிறது. வேறு பெட்டி ஏது?

"பாப்பா எங்க?"

"அந்தம்மா மடியில தூங்குது. அதோ."

எதிர் பெஞ்சில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இல்லை... பெஞ்சுக்கு மேலே. ஒரு மடி உயரத்தில். அவளுக்கும் பலகைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. நெற்றியில் விழுந்திருந்த முடி தானாக ஒதுங்கிக்கொண்டது.

பாய்ந்துபோய்ப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்தார்கள். பிள்ளை முழித்துக்கொண்டு, "அப்பா வலிக்குது" என்று வீறிட்டது. வெளியே எஞ்சின் ஊதியது. கிளம்பப் போகிறது.

இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் இருப்பதுதான் அறுந்துபோகும். இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான். இழுப்பதை நிறுத்தினார். கையை விடாமல், ஒரு சாண் அவர்கள் பக்கமாகப் போனார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் யாருடைய மூச்சோ பட்டது.

மனைவி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "எங்களை எங்க கொண்டுபோய்ச் சேர்ப்பீங்கன்னு கேக்கறாங்க."

"எங்க வீட்டுக்கு வாங்க" என்றார்.

"எல்லாருமான்னு கேக்கறாங்க."

"எல்லாரும் வாங்க."

பிள்ளை தொய்ந்து அவர் கையில் விழுந்தது.

இறங்கி நின்றார்கள். வண்டி உடனே கிளம்பவில்லை. காலிப் பெட்டியின் ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியதாம். பாரம் இறங்க இறங்க எழும்புமே, அதேபோல். வெகுநேரம்.

யார் அவர்கள், போன தடவை என்றால் எப்போது... என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. என் சிநேகிதிக்கும் தெரியாது. அக்காவைப் பார்க்கப் போய் அங்கே ஒரே ஒரு ராத்திரிதான் தங்கினாள். இரண்டு அறை வீடு. அவ்வளவு இடம் இருந்தும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் வாசல்படிக்குப் பக்கத்தில் ஒருக்களித்து ஒட்டிப் படுத்தார்களாம். இவளையும் அங்கேயே படுக்க வைத்தார்கள். பாதி ராத்திரியில் முழிப்பு வந்து காலை நீட்டினாள். கால்மாட்டில் தலையணை மாதிரி ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று இரண்டு காலையும் அதன் மேலேயே போட்டுக்கொண்டாள்.

இருட்டில் அக்கா சொன்னாள். "காலை மடக்குடி. ஆள் படுத்திருக்காங்க."

இவள் காலை இழுப்பதற்குள்... அது கொஞ்சம் தள்ளிப் படுத்து, இவளுக்கு இடம் விட்டது.