நாலு எண்ணுவதற்குள்

பட்டியல் தானாக நகர்வது ஒரு வசதி, சார். ஓர் ஊழியர் பெயரை மவுஸால் பிடித்து இழுத்துத் திரையின் கீழ் ஓரத்துக்குக் கொண்டுபோனால், மறைந்திருக்கும் கிளைகளின் வரிகள் மெல்ல மேலே வர வேண்டும். வேண்டிய வரி வந்ததும் விரலை எடுத்தால் பெயர் அங்கே உட்காரும். எங்கள் நிறுவனத்தின் இடமாற்ற மென்பொருளில் அதை எழுதியவன் நான். படிப்பைப் பாதியில் விட்டவன் எழுதியது என்று யாரும் குறை சொன்னதில்லை.

இடமாற்றப் பிரிவு மேடம் திரையைப் பார்க்கவே மாட்டார். ஓரத்தில் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நாலில் விட்டால் உள்ளூர்க் கிளை. ஆறு மாதப் பழக்கம். என் வேகம் அவ்வளவு சீரானது.

அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் கிடங்கில் வேலை. நல்ல மனிதர். என் அறையில் அவர்கள் இருவரும், நான் கூடத்தில். யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவன்தான் நம்ம சயின்டிஸ்ட். நாள் முழுக்க லிஸ்டை உருட்டுவான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அக்காவுக்கு ஏழாம் மாதம். பிரசவம் வரை அவரை உள்ளூரிலேயே வைக்க மேலாளர் ஒப்புக்கொண்டிருந்தார்.

அவர் பெயரைப் பிடித்தால் மட்டும் பட்டியல் ஆறு மடங்கு வேகமாக ஓடும்படி செய்தேன். மேடம் வழக்கம்போல நாலு எண்ணி விட்டார். பெயர் விழுந்தது கடைசி வரியில்: மாதம் ஒரு படகு போகும் தீவுக் கிளை. மேலாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஒருவருக்கு மட்டும் ஓடினால் சந்தேகம் வருமே. அதனால் இன்னும் பதினாறு பேருக்கும் ஓட வைத்திருந்தேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, யாரென்றே தெரியாது. அந்தக் கிளையில் மொத்தம் மூன்று நாற்காலிதானாம்.

"பதினேழு பேரு, தம்பி. எனக்குக் கண்ணு போயிருச்சு போல" என்றார் மேடம். நல்ல கண் மருத்துவர் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். உதவி கேட்டால் மறுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

நேற்று அக்கா அழுதாள். "நீ எழுதின சாப்ட்வேர்தானேடா? அவர் பேரை மட்டும் பழைய இடத்துல தள்ளி விட்டுரு. எனக்கு வலி வந்தா யாரைக் கூப்பிடுவேன்?"

ஐந்து நிமிட வேலைதான், சார். ஆனால் கையெழுத்தான பட்டியலில் சொந்தக்காரருக்காகக் கைவைக்கச் சொல்கிறாள். அப்படிப்பட்ட ஆள் நானில்லை என்று சொல்லிவிட்டேன்.